ஸ்மாலா? மைக்ரோவா? மைனரா? – படிவம் நிரப்பும் முன் ஒரு பாடம்



இந்த இதழின் பாடம் 'சின்ன' என்ற சொல்லைப் பற்றியது. இதில் என்ன பாடம் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். ஒரு படிவத்தில் 'சின்ன' என்பதற்கு எந்த ஆங்கிலச் சொல்லில் டிக் அடிக்கிறோமோ, அதை வைத்துத்தான் கடன், மானியம், தள்ளுபடி எல்லாம் வருகிறது, அல்லது வராமல் போகிறது.

முதலில் நம்ம தமிழையே பாருங்கள். திண்டுக்கல் மார்க்கெட்டில் சின்ன வெங்காயம் என்கிறோம். யாரும் 'சிறு வெங்காயம்' என்று கேட்பதில்லை. நமக்குத் தெற்கே இருப்பது சிறுமலை. அதை யாரும் 'சின்ன மலை' என்பதில்லை. தினையும் சாமையும் சிறுதானியம். ஆட்டுக்குப் பிறந்தது குட்டி, கோழிக்குப் பிறந்தது குஞ்சு. எல்லாமே சிறியதுதான். ஆனால் எந்தச் சொல் எங்கே வரும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, பழக்கத்திலேயே வந்துவிடுகிறது.

ஆங்கிலத்திலும் அப்படித்தான். ஸ்மால், லிட்டில், டைனி, மைக்ரோ, மைனர், மார்ஜினல், பெட்டி என்று பல சொற்கள் இருக்கின்றன. அகராதியில் தேடினால் எல்லாவற்றுக்கும் 'சிறிய' என்றே போட்டிருக்கும். ஆனால் அலுவலகத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அளவு உண்டு, ஒரு எல்லை உண்டு. அதைத்தான் இப்போது ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறோம்.

1. வீட்டுப் பேச்சில் வரும் சொற்கள்

ஸ்மால்: ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டு, அளவில் சிறியது என்று சொல்ல. ஸ்மால் பை, ஸ்மால் வீடு, ஸ்மால் சைஸ். சட்டையின் காலரில் 'எஸ்' என்று போட்டிருப்பது இந்த ஸ்மால்தான். நத்தம் பக்கம் சட்டை தைக்கும் சகோதரிகளுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். ஒரு கம்பெனியின் 'எஸ்' இன்னொரு கம்பெனியின் 'எஸ்' ஆகாது. மார்பளவு எத்தனை அங்குலம் என்று கேட்டுத்தான் வெட்டுவார்கள். இதை ஞாபகம் வையுங்கள். இந்தப் பாடம் முழுக்க இதே கதைதான்.

லிட்டில்: எண்ண முடியாத பொருள் கொஞ்சமாக இருப்பதைச் சொல்ல. தண்ணீர், பால், சர்க்கரை, பணம், நேரம். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முன்னால் 'எ' சேர்ந்தால் ஒரு பொருள், சேராவிட்டால் வேறு பொருள். ஆத்தூர் காமராஜர் அணையில் 'எ லிட்டில்' தண்ணீர் இருக்கிறது என்றால், கொஞ்சமாவது இருக்கிறது, சமாளிக்கலாம் என்று அர்த்தம். வெறும் 'லிட்டில்' தண்ணீர் என்றால், இல்லாத குறைதான், குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதுதான். குழுவின் அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதுபவர் இந்த 'எ' என்ற ஒற்றை எழுத்தை விட்டுவிட்டால், 'சேமிப்பு கொஞ்சம் இருக்கிறது' என்பது 'சேமிப்பு இல்லாத மாதிரிதான்' என்று ஆகிவிடும்.

டைனி: மிகமிகச் சின்னது. கடுகு, எறும்பு, பச்சைக் குழந்தையின் நகம்.

ஷார்ட்: உயரமோ நீளமோ குறைவு. குள்ளமான ஆளை ஆங்கிலத்தில் ஷார்ட் என்பார்கள், ஸ்மால் என்றால் பொருந்தாது. கணக்கிலும் இந்தச் சொல் வரும். வங்கி காசாளர் 'நூறு ரூபாய் ஷார்ட்' என்றால், கட்டிய பணத்தில் நூறு ரூபாய் குறைகிறது என்று பொருள்.

2. தொழில் செய்பவர்களுக்கு: மைக்ரோவும் ஸ்மாலும்

மைக்ரோ என்பது ஸ்மாலை விடவும் சிறியது. மைக்ரோஸ்கோப் என்றால் கண்ணுக்குத் தெரியாததைக் காட்டும் கருவி. மருந்துச் சீட்டில் மைக்ரோகிராம் என்றிருந்தால், ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கி அதில் ஒரு பங்கு.

தொழில் துறையில் இந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. முன்பு மிகச் சிறிய தொழிலை அரசு 'டைனி' என்று அழைத்தது. 2006-ஆம் ஆண்டு குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் வந்தது. அப்போது டைனி போய் மைக்ரோ வந்தது. தமிழில் மைக்ரோவுக்குக் 'குறு', ஸ்மாலுக்குச் 'சிறு', மீடியத்துக்கு 'நடுத்தர' என்று வைத்தார்கள்.

எல்லை என்ன? 2006-ல் பொருள் உற்பத்தி செய்யும் மைக்ரோ தொழிலுக்கு இயந்திர முதலீடு 25 லட்சம் ரூபாய் வரை. 2020 ஜூலை 1 முதல் அது மாறியது. முதலீடு 1 கோடி வரை, ஆண்டு விற்பனை 5 கோடி வரை என்றார்கள். 2025 ஏப்ரல் 1 முதல் மறுபடியும் உயர்ந்தது. இப்போதைய கணக்கு இது:

மைக்ரோ (குறு): முதலீடு இரண்டரைக் கோடி வரை, ஆண்டு விற்பனை 10 கோடி வரை.
ஸ்மால் (சிறு): முதலீடு 25 கோடி வரை, ஆண்டு விற்பனை 100 கோடி வரை.
மீடியம் (நடுத்தர): முதலீடு 125 கோடி வரை, ஆண்டு விற்பனை 500 கோடி வரை.

பார்த்தீர்களா? ஊறுகாய் போடும் குழு, தையல் யூனிட், மாவு மில் எல்லாமே மைக்ரோதான். இரண்டு கோடிக்கு இயந்திரம் போட்ட ஒரு நூற்பாலையும், விற்பனை 10 கோடிக்குள் இருந்தால், நம்மோடு அதே மைக்ரோ பெட்டியில்தான் உட்கார்ந்திருக்கிறது!

'மைக்ரோ என்று எழுதினால் நம்மைக் குறைவாக நினைப்பார்கள், ஸ்மால் என்று போடுவோம்' என்று சிலர் நினைப்பதுண்டு. அது வேண்டாம். மைக்ரோ என்பது கௌரவக் குறைவு இல்லை, அது ஒரு உரிமை. வங்கிகள் தங்கள் கடனில் 7.5 சதவீதத்தை மைக்ரோ தொழில்களுக்கே தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி இலக்கு வைத்திருக்கிறது. இன்னொன்றும் உண்டு. மைக்ரோ, ஸ்மால் ஆகிய இரண்டு வகையினரிடமும் பொருள் வாங்கிய நிறுவனம் அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுத்துவிட வேண்டும். பேச்சு எழுத்தில் இல்லாவிட்டால் 15 நாளில் கொடுக்க வேண்டும். தாமதித்தால் வட்டியோடு தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. இது நாமே தயாரித்து விற்பவர்களுக்கு. வாங்கி விற்கும் வியாபாரத்துக்கு இந்த 45 நாள் விதி கிடையாது.

இந்த உரிமையைப் பெற 'உத்யம்' பதிவு வேண்டும். இது ஆதாரை வைத்து இணையத்தில் செய்வது. பைசா கட்டணம் கிடையாது. ஜி.எஸ்.டி. எண் இல்லாத மிகச் சிறிய தொழில்களுக்கு 2023 முதல் 'உத்யம் அசிஸ்ட்' என்ற வழியும் இருக்கிறது. 'அரசாங்கக் கட்டணம்' என்று யாராவது ஆயிரம், இரண்டாயிரம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

3. நிலம் உள்ளவர்களுக்கு: மார்ஜினலும் ஸ்மாலும்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், குழப்பம் அதிகம் வரும் இடம் இதுதான்.

விவசாயப் படிவத்தில் மூன்று கட்டம் இருக்கும். மார்ஜினல், ஸ்மால், அதர். மார்ஜின் என்றால் ஓரம். பிள்ளைகள் நோட்டில் ஓரமாகக் கோடு போடுவார்களே, அதுதான் மார்ஜின். நிலத்தின் அளவில் ஓரத்தில் நிற்பவர் மார்ஜினல் விவசாயி. நாட்டின் விவசாயக் கணக்கெடுப்பில் வரும் அளவு இது:

மார்ஜினல்: 1 ஹெக்டேருக்குள். அதாவது ஏறத்தாழ 2 ஏக்கர் 47 சென்ட் வரை.
ஸ்மால்: 1 முதல் 2 ஹெக்டேர். அதாவது ஏறத்தாழ 4 ஏக்கர் 94 சென்ட் வரை.
அதற்கு மேலே உள்ளவர்கள் அதர், மற்றவர்கள்.

இப்போது தமிழைப் பாருங்கள். மார்ஜினல் விவசாயிக்குத் தமிழில் 'குறு விவசாயி'. மைக்ரோ தொழிலுக்கும் தமிழில் 'குறு தொழில்'. ஆங்கிலத்தில் இரண்டு சொல், தமிழில் ஒரே சொல்! அதனால்தான் தமிழ்ப் படிவத்தில் 'குறு' என்று படித்துப் பழகியவர், ஆங்கிலப் படிவத்தில் விவசாயத்துக்கு 'மைக்ரோ' எங்கே என்று தேடுகிறார். அது அங்கே இருக்காது. கடைசியில் தெரிந்த சொல்லாக இருக்கட்டும் என்று 'ஸ்மால்' கட்டத்தில் டிக் அடித்துவிடுகிறார்.

இன்னொரு குழப்பம், குறு சின்னதா, சிறு சின்னதா என்பது. சான்றிதழில் 'சிறு, குறு விவசாயி' என்று சிறு முதலில் வரும். தொழில் துறையில் 'குறு, சிறு' என்று குறு முதலில் வரும். வரிசை எப்படி இருந்தாலும் விடை ஒன்றே. இரண்டு இடத்திலும் குறுதான் சிறுவை விடச் சின்னது. 'குறு கீழே, சிறு மேலே' என்று மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

இதனால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். 2008-ல் மத்திய அரசு விவசாயக் கடன் தள்ளுபடி அறிவித்தது. அந்தத் திட்டத்தில் மார்ஜினல், ஸ்மால் விவசாயிகளுக்குத் தகுதியுள்ள கடன் முழுவதும் தள்ளுபடி. 'அதர்' விவசாயிக்கு 75 சதவீதத்தைக் கட்டினால்தான் மீதி 25 சதவீதம் தள்ளுபடி. ஒரு லட்சம் ரூபாய் நிலுவை என்று வைத்துக்கொள்வோம். ஒரு கட்டத்தில் இருந்தவருக்குக் கட்ட வேண்டியது ஒன்றுமில்லை. அடுத்த கட்டத்தில் இருந்தவருக்கு 75,000 ரூபாய். நடுவில் இருந்தது நிலத்தின் அளவும் அதற்கு வைத்த ஒரு சொல்லும்தான்.

நம் மாநிலத்தில் நிலம் மிகவும் துண்டு துண்டாகிவிட்டது. 2015-16 விவசாயக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சராசரி நில அளவு முக்கால் ஹெக்டேர். ஆகவே நம் உறுப்பினர் குடும்பங்களில் பெரும்பாலோர் மார்ஜினல் என்ற கட்டத்தில்தான் வருவார்கள். ஒரு எச்சரிக்கை. சில திட்டங்களில் நன்செய்க்கு ஓர் அளவு, புன்செய்க்கு ஓர் அளவு என்று வைத்திருப்பார்கள். கூட்டுப் பட்டாவில் உங்கள் பங்கு எவ்வளவு என்பதும் முக்கியம். பட்டா, சிட்டாவை எடுத்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள். சிறு, குறு விவசாயி சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்.

4. மைனரும் மைக்ரோவும்

நம்ம ஊரில் மைனர் என்றால், கழுத்தில் செயினும் சில்க் ஜிப்பாவுமாகத் திரியும் ஆள் ஞாபகத்துக்கு வருவார். சட்டத்தில் மைனர் என்றால் 18 வயது நிறையாதவர். பெண் பிள்ளைக்கும் மைனர் என்றே எழுத வேண்டும். வங்கியில் மைனர் அக்கவுண்ட் என்றால் பிள்ளை பெயரில் உள்ள கணக்கு. பெற்றோரோ காப்பாளரோ சேர்ந்து நடத்துவார்கள். 10 வயது நிறைந்த பிள்ளைகள் தாங்களே நடத்தவும் வங்கிகள் அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2025-ல் கூறியிருக்கிறது. இது பணத்தின் அளவைப் பற்றிய சொல் இல்லை, வயதைப் பற்றிய சொல்.

தண்ணீர் விஷயத்தில் இரண்டு சொல்லும் வரும். மைனர் இரிகேஷன் என்றால் சிறுபாசனம். 2,000 ஹெக்டேர் வரை பாயும் குளம், கண்மாய், கிணறு எல்லாம் இதில் சேரும். மைக்ரோ இரிகேஷன் என்றால் நுண்ணீர்ப் பாசனம். அதாவது சொட்டுநீரும் தெளிப்புநீரும். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகும் தக்காளிக்குச் சொட்டுநீர் போட மானியம் வேண்டும் என்று மனு எழுதுபவர் 'மைனர்' என்று எழுதினால், மனு கண்மாய் மராமத்துப் பக்கம் போய்விடும். தமிழ்நாட்டில் நுண்ணீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் தரப்படுகிறது. மூன்றாம் பகுதியில் படித்தது இங்கேயும் வந்து நிற்கிறது பாருங்கள்.

5. வங்கி வாசலில்

ஸ்மால் அக்கவுண்ட்: இது வெறும் 'சின்னக் கணக்கு' இல்லை. அடையாளச் சான்று எதுவும் இல்லாதவர், போட்டோவும் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துத் தொடங்கும் கணக்கு. கட்டுப்பாடு உண்டு. இருப்பு 50,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. ஒரு மாதத்தில் 10,000 வரைதான் எடுக்கலாம். ஒரு நிதியாண்டில் மொத்த வரவு 1 லட்சத்தைத் தாண்டக்கூடாது. ஆதார் உள்ளவர்களுக்கு இது தேவையில்லை. குறைந்தபட்ச இருப்பு இல்லாத கணக்கு வேண்டுமென்றால் 'பேசிக் சேவிங்ஸ் அக்கவுண்ட்' என்று கேளுங்கள்.

ஸ்மால் சேவிங்ஸ்: சிறுசேமிப்பு. தபால் நிலையத்தில் உள்ள மத்திய அரசுத் திட்டங்கள். பெயர்தான் சிறுசேமிப்பு. பெண் குழந்தைக்கான செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் ஆண்டுக்கு 250 ரூபாயும் கட்டலாம், ஒன்றரை லட்சமும் கட்டலாம்.

ஸ்மால் பைனான்ஸ் பேங்க்: இது வங்கி. ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்றது. டெபாசிட் வாங்கலாம். மற்ற வங்கிகளைப் போலவே இங்கும் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை டெபாசிட் காப்பீடு உண்டு. சிறிய கடன்களை அதிகம் தர வேண்டும் என்பதால் 'ஸ்மால்'. சென்னையின் ஈக்விடாஸ் 2007-ல் மைக்ரோ பைனான்ஸ் கம்பெனியாகத் தொடங்கி, 2016-ல் ஸ்மால் பைனான்ஸ் பேங்க் ஆனது.

மைக்ரோ பைனான்ஸ் கம்பெனி: இது வங்கி இல்லை. கடன் தரலாம், டெபாசிட் வாங்கக்கூடாது. 'மைக்ரோ பைனான்ஸ்' என்று சொல்லிக்கொண்டு வீட்டு வாசலில் டெபாசிட் கேட்டால் கொடுக்காதீர்கள்.

மைக்ரோ பைனான்ஸ் கடன் என்பதற்கும் அளவு உண்டு. 2022 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கி சொல்வது இது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருந்து, அடமானம் இல்லாமல் தரும் கடன்தான் மைக்ரோ பைனான்ஸ் கடன். குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளையும் கூட்டினால் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. மாதம் 12,000 வருமானம் என்றால் எல்லாத் தவணையும் சேர்ந்து 6,000-க்குள். முன்கூட்டியே கட்டி முடித்தால் அபராதம் போடக்கூடாது. கடன் அட்டை நமக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். ஆகவே தமிழில் கேட்டு வாங்குங்கள்.

பெட்டி கேஷ்: இதைக் கேட்டதும் நம் குழுவின் பணப்பெட்டி ஞாபகம் வரும். ஆனால் இந்தப் 'பெட்டி' ஆங்கிலச் சொல். சில்லறையான, அற்பமான என்று பொருள். டீச்செலவு, பஸ் செலவு, ஜெராக்ஸ் போன்ற சில்லறைச் செலவுக்கு ஒதுக்கிய பணம்தான் பெட்டி கேஷ். பெட்டியில் உள்ள மொத்த இருப்பை அந்தக் கட்டத்தில் எழுதிவிட்டால் தணிக்கையில் கணக்கு உதைக்கும். உணவுப் பாதுகாப்புப் பதிவிலும் 'பெட்டி' உற்பத்தியாளர் என்று வரும். 2011-ல் விதிகள் வந்தபோது ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய் வரை உள்ளவர்களை அப்படி அழைத்தார்கள். அவர்களுக்குப் பதிவு போதும், உரிமம் தேவையில்லை. இட்லி மாவு, வடகம், மசாலாப் பொடி செய்பவர்கள் தொழில் தொடங்கும்போது அன்றைய எல்லையை உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

6. எந்தப் படிவம் வந்தாலும் மூன்று கேள்வி

எல்லாச் சொல்லையும் மனப்பாடம் செய்ய முடியாது, எல்லைகளும் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே கையெழுத்துப் போடும் முன் இந்த மூன்றையும் கேளுங்கள்.

ஒன்று: இந்தச் சொல் எதை அளக்கிறது? நிலத்தையா, முதலீட்டையா, விற்பனையையா, வருமானத்தையா, வயதையா?
இரண்டு: எவ்வளவு வரை? ஏக்கரில், ரூபாயில், வருடத்தில் சொல்லுங்கள்.
மூன்று: அடுத்த கட்டத்துக்குப் போனால் எனக்கு என்ன கூடும், என்ன குறையும்?

'சின்னதுதானே, ஏதோ ஒன்றில் போடும்மா' என்று யார் சொன்னாலும் போடாதீர்கள். சட்டைக்கு அளவெடுக்காமல் துணியை வெட்டுவோமா?

7. பயிற்சி

விடையைப் பார்க்காமல் குழுவில் பேசி முடிவு செய்யுங்கள்.

அ) நிலக்கோட்டைப் பக்கம் ஒரு உறுப்பினருக்கு முக்கால் ஏக்கரில் மல்லிகைத் தோட்டம், வேறு நிலம் இல்லை. மார்ஜினல், ஸ்மால், அதர் – எந்தக் கட்டம்?
ஆ) ஒரு குழு 60,000 ரூபாய் இயந்திரம் போட்டு, ஆண்டுக்கு 4 லட்சத்துக்கு மசாலாப் பொடி விற்கிறது. மைக்ரோவா, ஸ்மாலா?
இ) 12 வயது மகளுக்கு வங்கிக் கணக்கு. ஸ்மால் அக்கவுண்டா, மைனர் அக்கவுண்டா?
ஈ) தோட்டத்துக்குத் தெளிப்புநீர்க் குழாய். மைனர் இரிகேஷனா, மைக்ரோ இரிகேஷனா?
உ) மூன்று ஏக்கர் வைத்திருப்பவர் சிறு விவசாயியா, குறு விவசாயியா?

விடைகள்: அ) மார்ஜினல். ஆ) மைக்ரோ. இ) மைனர் அக்கவுண்ட். ஈ) மைக்ரோ இரிகேஷன். உ) கணக்கெடுப்பு அளவின்படி சிறு விவசாயி, அதாவது ஸ்மால்.

ஊக்குநர்களும் பிரதிநிதிகளும் அடுத்த குழுக் கூட்டத்தில் இந்தப் பாடத்தை உரக்கப் படித்துக் காட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்கு அந்த மூன்று கேள்விகளை மட்டுமாவது வாய்ப்பாடாகச் சொல்லிக்கொடுங்கள். ஒவ்வொருவரும் தங்கள் பட்டா, உத்யம் சான்று, கடன் அட்டை மூன்றையும் எடுத்து வந்து, எந்தக் கட்டத்தில் டிக் அடித்திருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. தவறு இருந்தால் திருத்த மனு எழுத கூட்டமைப்பு அலுவலகத்தில் நாம் எல்லோரும் சேர்ந்து உட்காரலாம்.